முதிய சாரதியும் மீண்டும் வெல்லும் நம்பிக்கையும்

வென்றவனை ஊர் அறியும். அவனுக்கு அடுத்து வந்தவனை அவன் வீட்டாரே அறிவர். நம் கல்லூரி விளையாட்டு விழாவிலும், முதலில் ஓடிவந்தவன் கையில் வெள்ளிக் கிண்ணம் விளங்கும்பொழுது, அவனுக்கு ஒரு சாண் பின்னே வந்தவன் எங்கே நின்று மூச்சு வாங்குகின்றான் என்று நோக்குவார் இலர். ஆயினும் இளைஞனுக்கு அடுத்த ஆண்டு என்னும் ஆறுதல் உண்டு. ஆண்டுகள் பல கழிந்து, தலையில் நரை தோன்றி, உடன் ஓடியவர் எல்லாம் ஓய்ந்த பின்னரும் ஒருவன், "இன்னும் ஒருமுறை வெல்வேன்" என்று களத்தில் நிற்பானாயின், அவனை யாதென்று சொல்வது? உறுதியுடையான் என்பதா? தன் காலம் முடிந்ததை உணராதான் என்பதா?

இவ்வினாவை ஆராய்தற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மோட்டார் பந்தயச் சாரதியாகிய மார்க் மார்ட்டின் என்பாரின் வரலாறு பெரிதும் துணை செய்யும். யாம் அப்பந்தயத்தை நேரிற் கண்டவர் அல்லேம். எனினும் அவர் வாழ்வை நோக்குங்கால், பந்தயத்தில் விருப்பம் இல்லாதார்க்கும் பயன்படும் பாடம் ஒன்று அதன்கண் இருப்பதாகக் கண்டோம். அதனை முறைப்பட ஈண்டுக் கூறுவோம்.

பந்தயத்தின் இயல்பு

'ஸ்டாக் கார்' என்னும் தொடர், பந்தயத்துக்கெனத் தனியே கட்டப்பெறாமல், கடையில் விற்பனைக்கு இருப்பில் வைக்கப்பெற்ற மோட்டார் வண்டி எனப் பொருள்படும். தொடக்கத்தில் மக்கள் வாங்கிச் செலுத்திய வண்டிகளே பந்தயத்தில் ஓடின. இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்துதற்கு 1948-ஆம் ஆண்டில் பில் பிரான்ஸ் என்பார் புளோரிடா மாகாணத்து டேட்டோனாக் கடற்கரை நகரில் நாஸ்கார் என்னும் கழகத்தை நிறுவினார். அதன் தலைமைப் பந்தயத் தொடர் 1949-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சார்லட் நகரில் தொடங்கியது. காலம் செல்லச் செல்ல, வண்டியின் புறத்தோற்றம் மட்டுமே கடைவண்டியை ஒத்திருக்க, அகத்துறுப்புகள் எல்லாம் மாறின. எஃகுக் குழாய்களால் அமைத்த கூடொன்று சாரதியைச் சுற்றி நின்று காக்கும். வண்டிக்குத் திறக்கும் கதவு இல்லை. சன்னல் வழியாகவே ஏறி இறங்குதல் வேண்டும்.

ஓடுகளங்களும் பல திறத்தன. வர்ஜீனியா மாகாணத்து மார்ட்டின்ஸ்வில் களம் அரை மைலுக்குச் சிறிதே மிக்க சுற்றளவினது. 1959-இல் திறக்கப்பெற்ற டேட்டோனாக் களமோ, இரண்டரை மைல் சுற்றளவும், வளைவுகளில் 31 பாகைச் சரிவும் உடையது. அங்கே 200 சுற்றுகள் ஓடி 500 மைல் கடப்பதே 'டேட்டோனா 500' எனப் புகழ்பெற்ற பெரும்பந்தயமாகும்.

இப்பந்தயத்தில் வெற்றி வேகத்தினால் மட்டும் வருவதன்று. முன்செல்லும் வண்டி காற்றைப் பிளந்துகொண்டு போக, அதனை ஒட்டிப் பின்செல்லும் வண்டிக்குக் காற்றின் தடை குறையும். பெருங்களங்களில் இரண்டு வண்டிகள் நெருங்கிச் செல்லின், தனித்துச் செல்லும் வண்டியைக் காட்டிலும் விரைந்து செல்லும். ஆதலின் தன்னை வெல்ல நினைப்பவனின் துணையையே ஒருவன் சிலபொழுது நாட வேண்டியிருக்கும். இனி, ஓட்டத்திடையே டயர்கள் தேயும், பெட்ரோல் தீரும். வண்டி ஓரத்திலுள்ள பணியிடத்திற் சென்று நிற்க, குழுவினர் சில வினாடிகளுக்குள் நான்கு டயர்களை மாற்றிப் பெட்ரோலும் ஊற்றி அனுப்புவர். எப்பொழுது நிற்பது, எவ்விடத்தில் விரைவைத் தணித்து டயரைக் காப்பது, எஞ்சிய பெட்ரோல் எத்தனை சுற்றுக்குப் போதும் என்பன போன்ற கணக்குகளே பல பந்தயங்களில் முடிவைத் தருகின்றன. சாரதியோ மூன்று நான்கு மணி நேரம், உலைக்களத்தின் அருகில் இருப்பான் போன்று, வெப்பம் மிக்க கூட்டினுள் அமர்ந்து இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டே கைதளராது செலுத்த வேண்டும்.

இவற்றை நோக்கின், இப்பந்தயம் இளமைக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும். நம் மொழியில் முதுமை என்னுஞ் சொல், ஆண்டு மிகுதியை மட்டும் குறியாது, ஆண்டுகளால் விளைந்த அறிவையும் தழுவி நிற்கும். முதுமொழி, மூதறிவு என்னும் வழக்குகளைக் காண்க. அத்தகைய முதுமைக்கு இக்களத்தில் இடமுண்டு. நாற்பது வயதைக் கடந்தும் வென்றவர் பலர். ஆயினும் ஐம்பதைக் கடந்து தலைமைத் தொடரில் வென்றவர் 2009-ஆம் ஆண்டுக்கு முன் மூவரே. அவர் பாபி அல்லிசன், ஹாரி கான்ட், மார்கன் ஷெப்பர்டு என்பார்.

இதற்குக் காரணம் உடலின் தளர்ச்சி மட்டுமன்று. வண்டி சாரதிக்குச் சொந்தமன்று. குழுவின் உரிமையாளருக்குச் சொந்தம். அக்குழுவைத் தாங்கும் பொருளோ, வண்டியின்மேல் தம் பெயரைப் பொறிக்க விரும்பும் வாணிகரிடமிருந்து வருவது. இவ்விருவரும் நெடுங்காலம் பயன்தரத்தக்க இளைஞனையே நாடுவர். ஆகவே முதிய சாரதி தன் திறனை இழக்குமுன் நல்ல வண்டியை இழக்கின்றான். அவன் மீண்டும் வெல்ல வேண்டுமாயின், தான் தன்னை நம்பினாற் போதாது. பிறனொருவனும் அவனை நம்புதல் வேண்டும்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

மார்க் மார்ட்டின் 1959-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் ஆர்க்கன்ஸா மாகாணத்துப் பேட்ஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜூலியன் மார்ட்டின் லாரித் தொழில் நடத்தியவர். மைந்தனுக்கு இளமையிலேயே வண்டியோட்டக் கற்பித்தவரும் அவரே. மைந்தர் பதினைந்தாம் வயதில் ஊர்ப்புறத்து மண்களங்களில் பந்தயம் ஓடத் தொடங்கினார். நாஸ்கார் கழகத்தின் வேறான மற்றொரு கழகம் நடத்திய தொடரில் 1978, 1979, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அடுத்தடுத்து முதன்மைப் பட்டம் பெற்றார்.

1981-இல், இருபத்திரண்டாம் வயதில், நாஸ்கார் தலைமைத் தொடரிற் புகுந்தார். அவ்வாண்டு ஓடியவை ஐந்தே பந்தயங்கள். அவற்றுள் இரண்டில், தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தேர்வோட்டத்தில் யாவரினும் விரைந்தோடி முதலிடம் பெற்றார். இவ்வளவு விரைவில் கிடைத்த புகழே அவருக்குக் கண்ணியாயிற்று. 1982-இல் தம் சொந்தக் குழுவைக் கொண்டே ஆண்டு முழுதும் ஓடினார். பொருள் போதவில்லை. குழுவைக் கலைத்து உடைமைகளை விற்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு வேறொருவரின் குழுவிற் சேர்ந்து, ஏழு பந்தயங்களுக்குப்பின் நீக்கப்பட்டார். இருபத்து நான்கு வயதில் அவர் பந்தய வாழ்வு முடிந்துவிட்டது என்று கருதியோர் பலராவர்.

அவர் பழைய களங்களுக்கே திரும்பினார். முன்பு தாம் முதல்வராய் விளங்கிய இடத்திற்குத் தோற்றவராய் மீளுதல் எளிதன்று. எனினும் அங்கே மீண்டும் உழைத்து, 1986-இல் நான்காம் முறையாகப் பட்டம் பெற்றார். 1988-இல் ஜாக் ரௌஷ் என்னும் பொறிநூல் வல்லுநர் புதிதாய் ஒரு குழுவை அமைத்தபொழுது, 6-ஆம் எண் பொறித்த போர்டு வண்டியை மார்ட்டினிடம் ஒப்புவித்தார். மார்ட்டின் உடற்பயிற்சியை நாள்தோறும் தவறாத நோன்பாகக் கொண்டார். பந்தயச் சாரதிகளுக்கு அத்தகைய பயிற்சி பெரிதும் வேண்டப்படாத காலம் அது. 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், வட கரோலினா மாகாணத்து ராக்கிங்ஹாம் களத்தில் தலைமைத் தொடரின் முதல் வெற்றியை அடைந்தார். அது அவருக்கு 113-ஆவது பந்தயம். அதற்குமுன் தொடங்கிய 112 பந்தயங்களிலும் அவர் வென்றிலர்.

அரை அங்குலம்

மறு ஆண்டு நிகழ்ந்தது பலரும் இன்றுகாறும் நினைந்து பேசும் நிகழ்ச்சியாகும். அதனை உணர, அக்காலத்துப் புள்ளிமுறையை அறிதல் வேண்டும். 1975 முதல் 2003 வரை வழங்கிய முறைப்படி, ஒரு பந்தயத்தில் வென்றவருக்கு 175 புள்ளிகளும், இரண்டாமவருக்கு 170 புள்ளிகளும், பின்வருவோர்க்கு வரிசைப்படி குறைவாகவும் வழங்கப்பட்டன. பந்தயத்தில் முன்னின்று ஓடியவர்க்குச் சில புள்ளிகள் கூடும். ஆண்டு முழுதும் சேர்ந்த புள்ளிகளில் மிக்கவரே முதன்மைப் பட்டம் பெறுவர். எனவே ஒருநாள் வென்று மறுநாள் வீழ்வாரினும், எந்நாளும் முன்வரிசையில் நிற்பவருக்கே இம்முறை ஏற்றதாகும். மார்ட்டின் அத்தகையவர்.

1990-ஆம் ஆண்டின் இரண்டாம் பந்தயம் பிப்ரவரி 25-ஆம் நாள் ரிச்மண்டு நகரில் நடைபெற்றது. மார்ட்டின் வென்றார். பந்தயத்தின்பின் வண்டியைச் சோதித்த அதிகாரிகள், கார்புரேட்டரின் அடியில் அமைந்த இடைத்தகடு விதி கூறிய இரண்டு அங்குலத்துக்கு மேல் அரை அங்குலம் மிகுந்திருப்பதைக் கண்டனர். வெற்றி பறிக்கப்படவில்லை, ஆனால் 46 புள்ளிகள் குறைக்கப்பட்டன, 40,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டது. ஆண்டு முடிவில் டேல் எர்ன்ஹார்ட் என்பார் முதன்மைப் பட்டம் பெற்றார். மார்ட்டின் அவரினும் 26 புள்ளிகளே குறைந்து இரண்டாமவர் ஆனார். குறைக்கப்பட்ட 46 புள்ளிகளும் இருந்திருக்குமாயின், 20 புள்ளிகள் மிகுந்து அவரே முதல்வர் ஆகியிருப்பர்.

அத்தகட்டினால் வண்டிக்கு யாதொரு விரைவும் கூடவில்லை என்று வாதிப்போர் உளர். அது மெய்யாகவும் இருக்கலாம். எனினும் விதி, பயனை நோக்குவதன்று, அளவை நோக்குவது. அரை அங்குலம் மிகுந்தது மிகுந்ததே. யாம் இந்நிகழ்ச்சியில் வியப்பது தண்டனையின் நீதியை அன்று. அதன்பின் மார்ட்டின் நடந்துகொண்ட முறையையே. அதனைச் சொல்லிச் சொல்லிப் புழுங்கி அவர் தம் வாழ்நாளைக் கழிக்கவில்லை. மறு ஆண்டும் வண்டியில் ஏறினார்.

1994-இல் மீண்டும் எர்ன்ஹார்டுக்கு அடுத்து இரண்டாமவர் ஆனார். 1998-இல் ஏழு பந்தயங்களில் வென்றார். அவருடைய ஆண்டுகளுள் வெற்றி மிகுந்தது அதுவே. ஆயினும் ஜெப் கார்டன் என்னும் இளைஞர் அவ்வாண்டு 13 பந்தயங்களில் வென்று பட்டத்தைக் கைக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தந்தையார் ஜூலியன் மார்ட்டின் விமான விபத்தில் உயிர்நீத்தார். அம்மாதம் முடியுமுன்னரே பிரிஸ்டல் நகரத்துச் சிறு களத்தில் மைந்தர் வென்றார். வண்டியோட்டக் கற்பித்த கை மறைந்தபின், அக்கற்பித்தலைக் கொண்டே பெற்ற அவ்வெற்றியைக் கண்டோர் கண்கலங்கினர். 2002-இல் டோனி ஸ்டூவர்ட் என்பாருக்கு 38 புள்ளிகள் பின்னே நான்காம் முறை இரண்டாமவர் ஆனார்.

இத்தனைக்கும், தம்மினும் விரைந்து வரும் வண்டிக்கு வழிவிட்டு ஓடுதல், பிறர் வண்டியை இடித்துத் தள்ளி முன்னேறாமை ஆகிய இரண்டிலும் அவர் பெயர் பெற்றவர். உடன் ஓடியோர் அவரை அஞ்சியதினும் மதித்ததே மிகுதி.

ஓய்வும் மீட்சியும்

2005-ஆம் ஆண்டே தம் முழுப்பருவ ஓட்டத்தின் இறுதியாண்டு என்று மார்ட்டின் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் கான்ஸஸ் களத்தில் வென்றார். அது அவருடைய 35-ஆவது வெற்றி. ஆனால் அவர் இடத்தை நிரப்பத் தக்காரைக் குழு பெறாமையால், 2006-லும் ஓட இசைந்தார். 2007-இல் வேறொரு குழுவிற் சேர்ந்து, சில பந்தயங்களில் மட்டும் ஓடுவதாக ஏற்பாடு செய்துகொண்டார்.

அவ்வாண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் நடந்த டேட்டோனா 500 பந்தயத்தின் இறுதிச் சுற்றில், நாற்பத்தெட்டு வயதான மார்ட்டின் முன்னின்றார். அப்பெரும்பந்தயத்தை அவர் ஒருகாலும் வென்றதில்லை. கடைசி வளைவைக் கடந்து வருகையில் வெளிப்புறமாகக் கெவின் ஹார்விக் என்பார் விரைந்து வந்து இணையானார். அதே நொடியில் பின்வந்த வண்டிகள் பல ஒன்றோடொன்று மோதிச் சிதறின. விபத்து நேர்ந்தால் மஞ்சள் விளக்கிட்டு ஓட்டத்தை அடக்குதல் மரபு. உடனே விளக்கு எரிந்திருக்குமாயின், அந்நொடியில் முன்னின்றவரே வென்றவர் ஆவர். விளக்கு எரியவில்லை, இருவரும் எல்லைக்கோடு வரை ஓடினர். ஹார்விக் 0.02 வினாடி முந்தினார். ஒரு வினாடியை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறே அவ்விடைவெளி. மார்ட்டின் அதிகாரிகளைக் குறைகூற மறுத்தார். அடுத்த சில வாரங்களில் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தும், முன்னரே செய்த ஏற்பாட்டின்படி ஒரு பந்தயத்துக்கு ஓய்வு கொண்டு, அவ்விடத்தைத் தாமே விட்டுக்கொடுத்தார். ஓய்வை நாடும் உள்ளமும் வெற்றியை நாடும் உள்ளமும் அவரிடத்து ஒருங்கே இருந்தன என்பதற்கு இதுவே சான்று.

இந்நிலையில் ரிக் ஹென்ட்ரிக் என்னும் குழுத்தலைவர், 2009-ஆம் ஆண்டு முழுதும் ஓடுமாறு தம் 5-ஆம் எண் வண்டியை அவருக்கு அளித்தார். அக்குழுவிலேயே ஜெப் கார்டனும், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் பெற்ற ஜிம்மி ஜான்சனும் இருந்தனர். முதிய சாரதிக்குப் பிறனொருவனின் நம்பிக்கையும் வேண்டும் என்று முன்னர்க் கூறினோம். அது மார்ட்டினுக்கு ஐம்பதாம் வயதிற் கிடைத்தது.

தொடக்கம் நன்றாய் அமையவில்லை. எஞ்சின் பழுதுற்று இரு பந்தயங்கள் வீணாயின. பட்டியலில் முப்பதாம் இடத்துக்கும் கீழே இறங்கினார். ஏப்ரல் 18-ஆம் நாள் அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் களத்தில், மூன்றரை ஆண்டுகட்குப் பின் மீண்டும் வென்றார். வென்றவர் களத்தைச் சுற்றி வருதல் வழக்கம். மார்ட்டின் எதிர்த்திசையிற் சுற்றினார். அதற்கொரு காரணம் உண்டு. ஆலன் குல்விக்கி என்னும் சாரதி 1988-இல் அதே களத்தில் தம் முதல் வெற்றியைப் பெற்றபொழுது, தம் பக்கத்துச் சன்னல் காண்போரை நோக்கியிருக்கும்படி எதிர்த்திசையிற் சுற்றிக் கையசைத்தார். 1992-இல் முதன்மைப் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஏப்ரலில் விமான விபத்தில் இறந்தார். இளமையில் மார்ட்டினோடு பழைய களங்களில் போட்டியிட்டவர் அவர். நெடுநாட்குப் பின் வாய்த்த தம் வெற்றியின் முதற் சுற்றை மார்ட்டின் இறந்த தோழருக்கு உரியதாக்கினார்.

அடுத்து மே மாதத்தில் டார்லிங்டனிலும், ஜூனில் மிச்சிகனிலும், ஜூலையில் சிகாகோவை அடுத்த களத்திலும், செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரிலும் வென்றார். ஓராண்டில் ஐந்து வெற்றிகள். இவற்றுள் ஜூன் 14-ஆம் நாள் மிச்சிகனில் நிகழ்ந்ததை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஆங்கு முன்னோடிய ஜான்சனுக்கு இரண்டு சுற்றுகள் எஞ்சியிருக்கையில் பெட்ரோல் தீர்ந்தது. அவருக்குப்பின் முன்வந்த கிரெக் பிபில் என்பாருக்கு இறுதிச் சுற்றில் தீர்ந்தது. பொறுமையாய்ப் பெட்ரோலைக் காத்து வந்த மார்ட்டின் இருவரையும் கடந்து எல்லையை எட்டினார்.

ஆண்டு முடிவில் ஜான்சன் நான்காம் முறையாகப் பட்டம் பெற, மார்ட்டின் 141 புள்ளிகள் பின்னே, ஐந்தாம் முறையாக இரண்டாமவர் ஆனார்.

விடை பெறாத நம்பிக்கை

கதையாயின் இங்கே முடிக்கலாம். வாழ்க்கை ஆதலின் முடியவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் வெற்றியே அவருடைய 40-ஆவது வெற்றியும் கடைசி வெற்றியும் ஆயிற்று. 2010-இலும் 2011-இலும் அவர் ஆண்டு முழுதும் ஓடியும் வென்றிலர். 2012 முதல் மற்றொரு குழுவில் சில பந்தயங்களில் மட்டும் ஓடினார். 2013-ஆம் ஆண்டு டேட்டோனா 500 பந்தயத்தில் மூன்றாமவராக வந்தார். அடுத்த வாரம் பீனிக்ஸ் களத்துத் தேர்வோட்டத்தில் யாவரினும் விரைந்தோடினார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவ்வாண்டு ஆகஸ்டில் அதே மிச்சிகன் களத்தில், இன்னும் சில சுற்றுகளே எஞ்சியிருக்கையில் மார்ட்டின் முன்னின்றார். அன்று வென்றிருப்பாராயின், ஐம்பத்திரண்டு வயதில் வென்ற ஹாரி கான்டினும் மூத்த வெற்றியாளராக விளங்கியிருப்பர். ஆனால் இம்முறை தீர்ந்தது அவர் பெட்ரோலே. ஜோயி லொகானோ என்னும் இளைஞர் கடந்து சென்று வென்றார். 2009-இல் எக்களம் எக்காரணத்தால் கொடுத்ததோ, 2013-இல் அக்களம் அக்காரணத்தாலேயே மறுத்தது.

அவ்வாண்டே டோனி ஸ்டூவர்ட் கால் முறிந்து ஓட இயலாதவர் ஆனார். 2002-இல் மார்ட்டினின் பட்டத்தைத் தடுத்தவர் இவரே. அவருடைய 14-ஆம் எண் வண்டியை அவருக்காக ஓட்ட மார்ட்டின் இசைந்தார். அவ்வண்டியிலேயே நவம்பர் மாதம், புளோரிடாவிலுள்ள ஹோம்ஸ்டெட் களத்தில், தம் 882-ஆவது பந்தயத்தை ஓடி முடித்து விடைபெற்றார்.

ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா மீண்டும் எழுகின்றது. 2009-க்குப்பின் அவர் கொண்ட நம்பிக்கை பொய்யாயிற்றன்றோ? இதனை ஆய்தற்கு மற்றிருவரை ஒப்பிட்டு நோக்குவோம். ரிச்சர்டு பெட்டி என்பார் ஏழு முறை முதன்மைப் பட்டம் பெற்றவர். 1984-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்கத் தலைவர் ரீகன் வந்திருந்த டேட்டோனாக் களத்தில், அவர் தம் 200-ஆவது வெற்றியை அடைந்தார். அதுவே கடைசி. அதன்பின் எட்டாண்டுகள் ஓடியும் அவர் வென்றிலர். 1992 நவம்பரில் அட்லாண்டாவில் ஓடிய இறுதிப் பந்தயத்தில் அவர் வண்டி மோதித் தீப்பற்றியது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் களம் புகுந்து, ஓடும் வண்டியோடே விடைபெற்றார். ஹாரி கான்டோ, நாற்பத்திரண்டாம் வயதில்தான் முதல் வெற்றி பெற்றார். ஐம்பத்தோராம் வயதில், 1991 செப்டம்பரில், நான்கு பந்தயங்களை அடுத்தடுத்து வென்றார். இருவரும் முதுமையில் ஓடியவர்; இருவரும் மீண்டும் வெல்ல விரும்பியவர். ஒருவருக்கு வாய்த்தது, ஒருவருக்கு வாய்க்கவில்லை. தமக்கு வாய்க்குமா என்பதை இருவரில் எவரும் முன்னரே அறிந்திலர்.

மார்ட்டினின் வாழ்விலோ இவ்விரு முடிவுகளும் ஒருவரிடத்தே நிகழ்ந்தன. 2008-இல் அவர், கான்டைப் போல் ஆவாரா, பெட்டியைப் போல் ஆவாரா என்று கூற எவராலும் இயன்றிராது. 2009-இல் வென்ற மார்ட்டினும் 2013-இல் பெட்ரோல் தீர்ந்து நின்ற மார்ட்டினும் அதே பயிற்சியும் அதே பொறுமையும் உடையவரே. வென்றபொழுது அந்நம்பிக்கையை மெய்யென்றும், தோற்றபொழுது அதனையே பொய்யென்றும் நாம் கூறுவோமாயின், நாம் அளந்தது நம்பிக்கையை அன்று, பெட்ரோல் தொட்டியையே.

முடிவுரை

ஆகலின் நம்பிக்கையை அதன் முடிவைக் கொண்டு அளத்தல் முறையன்று. அது ஒருவனை எவ்வாறு உழைக்கச் செய்தது, தோல்வியில் எவ்வாறு நடக்கச் செய்தது என்பவற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். வெற்று விருப்பம் கைகட்டிக் காத்திருக்கும்; நற்பேறு வாராதொழியின் பிறரை நோகும். மெய்யான நம்பிக்கை விடியலில் எழுந்து பயிற்சி செய்யும். தோற்றால் வென்றவனை வாழ்த்தும். வென்றால் இறந்த தோழனை நினைக்கும். தனக்குரிய பட்டத்தைத் தடுத்தவன் வண்டியையும் அவன் நோயுற்ற காலத்தில் ஏற்று ஓட்டும். மார்ட்டினிடம் இவை யாவும் இருந்தன. 2017-ஆம் ஆண்டு சார்லட் நகரத்துப் புகழ்மாடத்தில் நாஸ்கார் கழகம் அவர் பெயரைச் சேர்த்தது. முதன்மைப் பட்டம் ஒன்றும் பெறாதவர், பட்டம் பல பெற்றாரோடு ஒருங்கு வைத்து எண்ணப்பெற்றார். நம் பண்டைத் தமிழரும், களத்தில் பட்டு வீழ்ந்த வீரனுக்குக் கல்நாட்டிப் பெயரும் பீடும் எழுதினர். மாற்றானை வென்று மீண்டானா என்று மட்டும் அவர் வினவவில்லை.

இக்கருத்து நமக்கு எட்டாததன்று. தேர்வு முடிவுத் தாளில் தம் பெயரைத் தேடிக் காணாது திரும்புவோர் நம்மிடையே ஆண்டுதோறும் உளர். ஓரிரு புள்ளிகளால் முதல் வகுப்பை இழந்தோரும் உளர். மறுமுறை எழுதுதற்கு நாணி, இனி வாய்க்குமோ என்று அஞ்சி, புத்தகத்தை மூடிவிட எண்ணும் நண்பனுக்கு, "கட்டாயம் வெல்வாய்" என்று சொல்ல எம்மால் இயலாது; அது எமக்குத் தெரியாது. "வெல்லத்தக்க முறையில் மீண்டும் எழுதுக, பின்னர் வருவது வருக" என்று சொல்ல இயலும். 113-ஆவது பந்தயத்தில் முதன்முறை வென்றவரும், 882-ஆவதை வெல்லாமலே முடித்தவரும் ஒருவரே என்பதை அவனுக்கு நினைவூட்டவும் இயலும்.

வாழ்வைப் பந்தய ஓட்டத்துக்கு ஒப்பிட்டுக் காட்டிய அப்போஸ்தலனாகிய பவுலும், பரிசை நாடி ஓடுமாறு ஊக்கியவரே. எனினும் முதுமையில், சிறையிலிருந்து, தம் வாழ்வை நினைந்து எழுதுகையில், எத்தனை பேரை முந்தினார் என்னும் கணக்கை அவர் எழுதவில்லை. ஓடத் தொடங்கியதை இறுதிவரை ஓடினார் என்பதே அவருக்கு நிறைவு தந்தது. பரிசை நாடி ஓடுதலும், பரிசு கிட்டாவிடினும் ஓடி முடித்தலும் தம்முள் மாறுபட்டன அல்ல. முன்னையது இல்லையேல் ஓட்டத்தில் விரைவில்லை. பின்னையது இல்லையேல் ஓட்டமே இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே உடையானையே முதிய சாரதி என்று யாம் மதிக்கின்றோம்.